மூன்று விநாடி ஓட்டம், முப்பது விநாடி மூச்சு

ஆட்டம் முடிய இன்னும் பத்து நிமிடங்களே இருக்கின்றன. இரு தரப்பும் தலா ஒரு கோல் போட்டிருக்கின்றன. நடுத்திடலிலிருந்து எழும்பிய பந்து காப்பாட்டக்காரரின் தலைக்கு மேலாகப் பறந்து, அவருக்குப் பின்னாலுள்ள வெற்றிடத்தில் விழுகிறது. அதை நோக்கி இருவர் பாய்கிறார்கள். ஒருவர் தாக்குபவர், மற்றவர் காப்பவர். முதற் பாதியில் இதே போன்ற ஓட்டத்தில் காப்பவர்தான் முந்தினார். இப்போதோ அவருடைய கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நான்கே எட்டுகளில் அவர் பின்தங்கிவிடுகிறார். பந்து வலைக்குள் போய்விட்டது!

திடலின் ஓரத்தில் நிற்பவர்கள் தீர்ப்புச் சொல்லத் தொடங்குகிறார்கள். "அவனுக்கு மூச்சு போதவில்லை" என்கிறார் ஒருவர். "மூச்சாவது, ஒன்றாவது! சோம்பேறி. இவ்வளவு நேரமும் சும்மா நின்றுகொண்டுதானே இருந்தான்" என்கிறார் இன்னொருவர்.

இவர்களில் யார் சொல்வது சரி? அவசரப்பட்டு விடை கூறிவிடாதீர்கள். "மூச்சு போதவில்லை" என்ற விளக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கால்பந்தில் ஒரு விரைவோட்டம் நீடிப்பது இரண்டு முதல் நான்கு விநாடிகள்தாம். மூச்சை அடக்கிக்கொண்டே அவ்வளவு தூரம் ஓடிவிடலாம். அப்படியானால் மூச்சே தேவைப்படாத ஓர் ஓட்டத்தில் மூச்சுப் போதாமையால் ஒருவர் எப்படித் தோற்க முடியும்? இந்தப் புதிருக்கு விடை தேடி நம் தசைகளுக்குள் சற்று நுழைந்து பார்ப்போம்.

திடலில் எவ்வளவு ஓட்டம்?

ஓர் ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்பதை முறையாக அளக்க முயன்றவர்களுள் முன்னோடிகள் இங்கிலாந்தில் பணியாற்றிய தாமஸ் ரெய்லியும் அவருடன் ஆய்ந்த தாமசும் ஆவர். தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராக உற்று நோக்கி, அவர்கள் நடந்தது, மெல்ல ஓடியது, விரைந்து ஓடியது ஆகிய அனைத்தையும் பிரித்துக் கணக்கிட்டு 1976-இல் வெளியிட்டார்கள். சராசரி தூரம் ஏறத்தாழ எட்டே முக்கால் கிலோமீட்டர். பின்னர் வந்த ஆய்வுகளில் உயர்தர ஆட்டக்காரர்கள் 90 நிமிடங்களில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை கடப்பது தெரிய வந்தது. கோல் காப்பவர் கடப்பது மட்டும் அதில் பாதிக்கும் குறைவு.

இந்தத் தூரத்தில் முழு வேகத்தில் ஓடியது எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு ஒன்று முதல் பதினொன்று வரைதான். மற்றவை எல்லாம் நடையும் மென்னோட்டமும் நிற்பதும் பின்னோக்கி நகர்வதுமே. ஆனால் கோல் விழுவதும் தடுக்கப்படுவதும் பெரும்பாலும் அந்தச் சிறு பகுதியில்தான். சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை இத்தகைய விரைவோட்டம் வருகிறது. எனினும் அது மணியடித்தாற்போல் ஒழுங்காக வருவதில்லை. சில சமயம் ஐந்து நிமிடம் எதுவும் வராது; சில சமயம் ஒரே நிமிடத்தில் மூன்று வந்துவிடும்.

எனவே ஒரு முறை விரைந்து ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது. ஓடி, சிறிதே ஓய்ந்து, மீண்டும் அதே வேகத்தில் ஓட வேண்டும். இதனை விளையாட்டு அறிவியலார் "மீள்விரைவோட்டத் திறன்" என்ற கருத்தில் குறிப்பிடுகிறார்கள். நம் புதிர் இந்த மீள்தலில்தான் அடங்கியிருக்கிறது.

தசையின் கையிருப்பு

தசை சுருங்குவதற்கு நேரடியாகப் பயன்படும் எரிபொருள் ஒன்றே ஒன்று. அடினோசின் டிரைபாஸ்பேட் என்பது அதன் பெயர், சுருக்கமாக ஏ.டி.பி. என்பர். நாம் உண்ணும் சோறும் எண்ணெயும் பருப்பும் கடைசியில் இந்தப் பொருளை உண்டாக்கித்தான் நம்மை இயக்குகின்றன. வியப்பு என்னவென்றால், தசையில் இதன் கையிருப்பு மிக மிகக் குறைவு. முழு மூச்சாக ஓடினால் ஓரிரு விநாடிகளுக்குத்தான் வரும். ஆகவே செலவாகச் செலவாக அது உடனுக்குடன் புதுப்பிக்கப்பட்டாக வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

இதை விளங்கிக்கொள்ள ஒரு பழைய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்களையில் ஒரு தவலை நிறையத் தண்ணீர் இருக்கிறது. முற்றத்தில் மழைநீர்த் தொட்டி ஒன்று. கொல்லையில் கிணறு. அவசரத்துக்குக் கை நீட்டினால் கிடைப்பது தவலைத் தண்ணீர். அது போதாவிட்டால் தொட்டிக்கு ஓடலாம். ஆனால் தொட்டி நீரை இறைக்க இறைக்க அடியிலுள்ள சேறு கலங்கி வரும். கிணற்று நீர் வற்றாது. ஆனால் வாளி போட்டு இழுக்க நேரமாகும்.

தசையின் தவலை கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் பொருள். இது தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏ.டி.பி.யை இமைப்பொழுதில் புதுப்பிக்கிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. இப்பொருளை 1927-இல் கண்டறிந்து அறிவித்தவர்கள் யார் என்று தெரிந்தால் நீங்கள் மகிழ்வீர்கள். இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனித்தனியே இதனைக் கண்டார்கள். சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். நாம் பேருந்தைப் பிடிக்க ஓடும் ஒவ்வொரு முறையும் அவர் கண்டறிந்த பொருள்தான் நம் தொடையில் வேலை செய்கிறது.

தசையின் தொட்டி கிளைக்கோஜன். இது சர்க்கரையின் சேமிப்பு வடிவம். ஆக்சிஜன் இன்றியே இதை விரைவாகச் சிதைத்து ஏ.டி.பி. பெறலாம். ஆனால் அப்போது லாக்டேட்டும் ஹைட்ரஜன் அயனிகளும் சேருகின்றன. தசையில் அமிலத்தன்மை கூடுகிறது. நாம் சொன்ன சேறு இதுதான். லாக்டிக் அமிலம் ஒரு நச்சுக் கழிவு என்றும், களைப்புக்கு அதுவே காரணம் என்றும் முன்பு எண்ணினார்கள். இன்று அந்தக் கருத்து மாறிவிட்டது. லாக்டேட்டை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன. களைப்புக்குப் பல காரணங்கள் உள. ஹைட்ரஜன் அயனிகளும், கிரியேட்டின் பாஸ்பேட் சிதையும்போது சேரும் பாஸ்பேட்டும் அவற்றுள் சில.

தசையின் கிணறு ஆக்சிஜனைக் கொண்டு எரிக்கும் முறை. செல்லுக்குள் உள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளில் இது நடைபெறுகிறது. சர்க்கரையும் கொழுப்பும் முழுமையாக எரிந்து, ஏராளமான ஏ.டி.பி. கிடைக்கிறது. இது மெதுவாகத் தொடங்கும். ஆனால் நீண்ட நேரம் தாங்கும்.

முடிச்சு அவிழ்கிறது

மூன்று விநாடி ஓட்டத்துக்குத் தவலையும் தொட்டியுமே பெரும்பாலும் போதும். ஆக்சிஜனின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. சரி, ஓட்டம் முடிந்தபின் காலியான தவலையை யார் நிரப்புவது?

1970-களில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை கண்டார்கள். சிறப்பான ஓர் ஊசியைத் தொடையில் செலுத்தி அரிசிமணி போன்ற சிறு தசைத்துணுக்கை எடுத்து ஆராயும் முறை அங்கே வளர்ந்திருந்தது. கடும் பயிற்சி முடிந்தவுடனும், அதன்பின் சில விநாடி இடைவெளிகளிலும் துணுக்குகளை எடுத்துக் கிரியேட்டின் பாஸ்பேட்டை அளந்தார்கள். இழந்ததில் ஏறத்தாழப் பாதி அரை நிமிடத்துக்குள் திரும்பிவிட்டது. மீதிப் பாதி மெதுவாகத்தான் வந்தது. முழுதும் நிரம்பச் சில நிமிடங்கள் ஆயின.

பின்னர் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் பட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்ற பட்டையைத் தொடையில் இறுக்கிக் காலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை நிறுத்தினார்கள். என்ன ஆயிற்று? கிரியேட்டின் பாஸ்பேட் சற்றும் ஏறவில்லை. பட்டையைத் தளர்த்தி இரத்தம் பாய்ந்தபின்தான் ஏறத் தொடங்கியது!

இந்த எளிய சோதனை நம் முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. தவலையிலிருந்து மொள்ளுவதற்கு ஆக்சிஜன் வேண்டாம். ஆனால் தவலையை நிரப்புவதற்குக் கிணறு வேண்டும். மூன்று விநாடி ஓட்டத்துக்கு மூச்சு தேவையில்லை; ஆனால் அடுத்த மூன்று விநாடி ஓட்டத்துக்கு, இடையிலுள்ள முப்பது விநாடி மூச்சு தேவை. "சும்மா நின்றுகொண்டிருந்தான்" என்று ஏசப்பட்ட அந்தக் காப்பாட்டக்காரர் சும்மா நிற்கவில்லை. அவருடைய தசைகள் வேகவேகமாக நீர் இறைத்துக்கொண்டிருந்தன.

பத்து ஓட்டங்களின் கணக்கு

1993-இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கைட்டனோசும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. உடற்பயிற்சி மாணவர் எண்மரை நிலையான மிதிவண்டியில் அமர்த்தி, ஆறு விநாடி முழு வேகத்தில் மிதிக்கச் செய்தார்கள். முப்பது விநாடி ஓய்வு. மீண்டும் ஆறு விநாடி. இப்படிப் பத்து முறை.

முதல் முறையில், ஆக்சிஜன் இன்றிக் கிடைத்த ஆற்றலில் பாதி கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்து வந்தது. ஏறக்குறைய மீதியைக் கிளைக்கோஜன் சிதைவு தந்தது. பத்தாம் முறையிலோ கிளைக்கோஜன் சிதைவின் பங்கு நூற்றுக்குப் பதினாறாகச் சுருங்கிவிட்டது. ஆக்சிஜன் இன்றிக் கிடைக்கும் ஆற்றலின் மொத்தமும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் மாணவர்களின் சராசரித் திறன் அந்த அளவுக்குக் குறையவில்லை. நூற்றுக்கு 27 அளவே குறைந்தது. எஞ்சிய இடைவெளியை நிரப்பியது எது? ஆக்சிஜன் வழியாக வந்த ஆற்றலாகத்தான் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப ஓடும்போது ஆக்சிஜனின் பங்கு படிப்படியாக உயர்ந்து, கடைசி ஓட்டங்களில் நூற்றுக்கு நாற்பது வரைகூட எட்டக்கூடும் என்று பிற ஆய்வுகளும் காட்டுகின்றன.

ஆக, கிணற்றின் பணி இரண்டு. ஓட்டங்களுக்கு இடையே தவலையை நிரப்புவது ஒன்று. களைத்த நேரத்தில் ஓட்டத்துக்கே கைகொடுப்பது மற்றொன்று.

கிணற்றின் ஆழத்தை அளப்பது எப்படி?

ஒருவருடைய உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதே அந்த அளவு. பெரும ஆக்சிஜன் ஏற்பு என்று இதனைக் கூறலாம். தசை வெப்பத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏ. வி. ஹில் இத்துறையின் தந்தை எனலாம். அவர் நல்ல ஓட்டக்காரரும்கூட. மூச்சுக் காற்றைச் சேர்க்கும் பையை முதுகில் சுமந்துகொண்டு, புல்தரையில் தாமே வட்டமாக ஓடி, வெளிவிட்ட காற்றை ஆராய்ந்து கணக்கிட்டார்! வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் ஆக்சிஜன் ஏற்பு உயர்வதில்லை என்பதை அவர் கண்டார். ஓடும்போது பட்ட "ஆக்சிஜன் கடனை" உடல் ஓய்வின்போது அடைக்கிறது என்ற கருத்தும் அவர் வழியாகவே பரவியது.

பயிற்சி இல்லாத இளைஞர் ஒருவரின் அளவு, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நிமிடத்திற்கு 40 முதல் 45 மில்லிலிட்டர் வரை இருக்கும். நல்ல கால்பந்து ஆட்டக்காரர்களிடம் இது 55 முதல் 65 வரை காணப்படுகிறது.

ஆக்சிஜன் செல்லும் பாதையை எண்ணிப் பாருங்கள். நுரையீரல் அதை உள்ளிழுக்கிறது. இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் அதைச் சுமக்கிறது. இதயம் அதை உந்தித் தள்ளுகிறது. மயிரிழையினும் நுண்ணிய இரத்தக் குழல்கள் தசைக்குள் அதைப் பகிர்ந்தளிக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா அதைக் கொண்டு எரிக்கிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி நலிந்தாலும் தவலை நிரம்பத் தாமதமாகும்.

இங்கே பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தசோகை உள்ளவருக்கு ஆக்சிஜனைச் சுமக்கும் வண்டிகளே குறைவு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மாணவி இப்போது இரண்டாம் ஓட்டத்திலேயே நின்றுவிடுகிறாள் என்றால், சோம்பேறி என்று அதட்டுவதற்கு முன் அவளுடைய இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

நார்வேயில் எட்டு வாரம்

பயிற்சியால் கிணற்றை ஆழப்படுத்த முடியுமா? அப்படி ஆழப்படுத்தினால் ஆட்டத்தில் அது தெரியுமா? நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஹெல்கெருட், ஹோஃப் முதலியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. பதினெட்டு வயதை ஒட்டிய ஆட்டக்காரர் 19 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வழக்கமான பயிற்சியோடு வாரம் இரு முறை ஒரு கூடுதல் பயிற்சி செய்தது. நான்கு நிமிடம் கடுமையான ஓட்டம். பிறகு மூன்று நிமிடம் மென்னோட்டம். இவ்வாறு நான்கு முறை. கடுமை என்றால் இதயத் துடிப்பு அதன் உச்ச அளவில் நூற்றுக்கு 90 முதல் 95 வரை எட்டும் அளவு.

எட்டு வாரங்களில் அவர்களுடைய பெரும ஆக்சிஜன் ஏற்பு சராசரியாக 58-இலிருந்து 64-க்கு உயர்ந்தது. ஆட்டத்தில் அவர்கள் கடந்த தூரம் நூற்றுக்கு 20 கூடியது. பந்தோடு ஈடுபட்ட தருணங்கள் நூற்றுக்கு 24 கூடின. விரைவோட்டங்களின் எண்ணிக்கையோ இரு மடங்காயிற்று! விரைவோட்டப் பயிற்சி எதையும் கூடுதலாகத் தராமலேயே விரைவோட்டங்கள் பெருகியது கவனிக்கத் தக்கது.

ஆனால், மூச்சு மட்டுமே போதுமா?

போதாது. அவ்வாறு இருந்தால் மாரத்தான் ஓட்டக்காரர்களைக் கொண்டு ஓர் அணி அமைத்துவிடலாமே! பெரும ஆக்சிஜன் ஏற்பையும் மீள்விரைவோட்டத் திறனையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் தொடர்பு நடுத்தரமாகவே காணப்பட்டது. சிலவற்றில் தொடர்பே தெளிவாகத் தெரியவில்லை. காரணம் இருக்கிறது. விரைவோட்டத்தின் வேகம் விரைவாகச் சுருங்கும் தசையிழைகளையும், கால்களின் வலிமையையும், நரம்புகள் தசையை முடுக்கும் ஆற்றலையும் பொறுத்தது. பெரிய தவலை உள்ளவர் முதல் ஓட்டத்தில் அதிகம் மொண்டுவிடுகிறார். எனவே அவருடைய வீழ்ச்சியும் கூடுதலாகத் தெரிகிறது. முதல் ஓட்டத்திலேயே மெதுவாக ஓடுபவருக்கு வீழ்ச்சி குறைவு என்பதால் அவர் சிறந்தவர் ஆகிவிடுவாரா?

உணவுக்கும் பங்கு உண்டு. சுவீடன் அறிஞர் பெங்க்ட் சால்ட்டின் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தசையில் கிளைக்கோஜன் குறைவாக இருந்த நிலையில் ஆட்டத்தைத் தொடங்கியவர்கள், குறிப்பாக இரண்டாம் பாதியில், குறைவாக ஓடி அதிகம் நடந்தார்கள். காலையில் பட்டினியாக வந்து மாலையில் பந்தாடும் மாணவனின் தொட்டி ஆட்டத்திற்கு முன்பே பாதி காலி என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்களே அளந்து பாருங்கள்

உங்கள் பள்ளித் திடலில் 30 மீட்டர் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் உடலை நன்கு சூடாக்கிய பின், முழு வேகத்தில் ஆறு முறை ஓடுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடையே 20 விநாடி ஓய்வு. நண்பர் ஒருவரே ஆறு முறையும் நிறுத்துக் கடிகாரத்தைப் பிடிக்கட்டும். ஆள் மாறினால் பிழை கூடும்.

கிடைத்த நேரங்கள் 4.6, 4.7, 4.8, 4.9, 5.0, 5.1 விநாடிகள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 29.1. களைப்பே இல்லாதிருந்தால் ஆறும் 4.6 ஆக இருந்திருக்கும், மொத்தம் 27.6. அதைவிட 1.5 விநாடி கூடுதல். அதாவது வீழ்ச்சி நூற்றுக்கு 5.4. இந்த வீழ்ச்சியோடு மொத்த நேரத்தையும் சேர்த்தே பாருங்கள். மொத்த நேரமும் குறைந்து, வீழ்ச்சியும் குறைந்தால்தான் உண்மையான முன்னேற்றம். முதல் ஓட்டத்தில் மெதுவாக ஓடிக் கணக்கை ஏமாற்றுவது எளிது. ஆனால் திடலில் எதிராளியை ஏமாற்ற முடியாது!

பின்னர் வாரம் இரு நாள் மேற்கூறிய நான்கு நிமிடப் பயிற்சியை உங்கள் உடற்பயிற்சி ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யலாம். ஓட்டத்தை நிறுத்தியவுடன் பத்து விநாடிக்கு நாடித் துடிப்பை எண்ணுங்கள். பதினேழு வயதுக்காரருக்கு 30 அல்லது 31 வந்தால் சரியான கடுமை எனலாம். ஆளுக்கு ஆள் சற்று வேறுபடும். வெறும் ஓட்டம் சலிப்பூட்டினால், சிறிய திடலில் பக்கத்துக்கு நால்வராகப் பந்தாடினாலும் ஏறத்தாழ அதே பயன் கிடைக்கும். விரைவோட்டப் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள்; தவலையும் வேண்டும், கிணறும் வேண்டும். உச்சி வெயிலில் இவற்றைச் செய்ய வேண்டா. நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுகுங்கள். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

எட்டு வாரம் கழித்து மீண்டும் அதே திடலில், அதே ஆறு ஓட்டங்களை அளந்து பாருங்கள். முதல் ஓட்டத்தின் நேரம் பெரிதாக மாறியிராது. ஆறாம் ஓட்டத்தின் நேரத்தைக் கவனியுங்கள். ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் யாருடையது என்பதை அந்த எண்தான் சொல்லும்.

அடுத்த முறை திடலோரம் நின்று ஆட்டம் பார்க்கும்போது, ஓடி முடித்து இடுப்பில் கை வைத்து நிற்கும் ஆட்டக்காரரையும் சற்றுப் பாருங்கள். அவர் இன்னும் ஓய்வெடுக்கவில்லை. அடுத்த ஓட்டத்துக்கான தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறார்.